புகைபோக்கி வளையங்கள்

ஆற்றின் வடகரைச் செங்கற்சூளைகளின் புகைபோக்கிகளில் கழுத்தருகே மூன்று வளையங்கள் உண்டு, தென்கரையில் ஒன்றைத் தவிர எதிலும் இல்லை. காற்று, மண், வழிபாடு எனக் காரணங்களை அடுக்கிப் பதினோராண்டு உழைத்து ஆய்வேட்டை முடித்திருந்தாள் மங்களேசுவரி. திங்களன்று சமர்ப்பிக்கவேண்டும். தென்கரையின் அந்த ஒற்றைப் புகைபோக்கியின் அடியில் நின்று, இதில் மட்டும் வளையங்கள் ஏன் என்று, அதைக் கட்டிய கொத்தனார் சூசையிடம் கேட்டாள்.

“காத்தாவது, சாமியாவது! ரெண்டு கரையிலயும் எல்லாம் நான் கட்டுனதும்மா. இந்தப் பக்கம் என் வீடு. பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிட்டு அவகிட்ட ஓடிருவேன். அக்கரையிலன்னா தங்கித்தான் வேலை. பொழுது போகணுமே, வளையம் வச்சேன்.”

“அப்போ இது?”

“அவ கண்ண மூடுன வருசம் கட்டுனது.”

மங்களேசுவரி காரணங்கள் எழுதியிருந்த பக்கத்தை விரித்துக் களைப்புடன் குறுக்கே கோடிட்டாள். பிறகு கேட்டாள்:

“வீட்டம்மா பேரு என்னங்கய்யா?”