கடைசிப் பத்து நிமிஷம்

சூப்பர் ஹீரோ படத்தின் பகல் காட்சி முடிந்து விளக்குகள் எரிகின்றன. திரையில் பெயர்கள் இன்னும் ஓடுகின்றன. அதற்கப்புறமும் ஒரு துண்டுக் காட்சி வருமென்று நடுவரிசையில் இரண்டு இளைஞர்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நிமிடமே இருக்கிறது. அரங்கைப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு அவர்கள் அருகே காத்து நிற்கிறாள். இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. “சண்டையெல்லாம் பிரமாதம்டா,” என்கிறான் ஒருவன். “ஆறு ஹீரோ இருந்து என்ன, வில்லன் சப்பை,” என்று உதட்டைப் பிதுக்கிய மற்றவன் அவள் பக்கம் திரும்புகிறான். “நீங்க சொல்லுங்கக்கா, படம் எப்படி?” “தெனம் நாலு தடவ கடைசிப் பத்து நிமிஷம்தான் தம்பி பாக்கறேன். ஊரே இடிஞ்சு குப்பையா கெடக்கு. ஆறு பேரும் அப்படியே பறந்து போயிடறாங்க.” இருவரும் சிரிக்கிறார்கள். அவள் பெருக்குவதற்கு வசதியாகக் கால்களை மட்டும் தூக்கிக்கொள்கிறார்கள். பெருக்கி முடித்த இடத்தில், ஒருவன் மடியிலிருந்த பாப்கார்ன் கொட்டுகிறது.