அபராதச் சீட்டு

"கூடையை எடும்மா! எத்தனை வாட்டி சொல்றது? எங்க இடத்துல வந்து குந்திக்கினு..."

அம்சவேணி போட்ட சத்தத்தில் இடுப்பில் இருந்த குழந்தை சிந்து வீறிட்டது.

பூக்காரி கோவிந்தம்மாள் தலையைத் தூக்கவில்லை. கூடையை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி தொடுக்க ஆரம்பித்தாள்.

அம்சவேணி நாலு பேர் எதிரில் வாய் திறக்காதவள்தான். ஆனால் இன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பே போய்விடும். லக்ஷ்மிபாய் நகர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி அவர்கள் தோசை வண்டி நிற்கிற ஆறடி இடத்துக்கு இன்றைக்குத்தான் கணக்கெடுப்பு. பழைய ரசீதில் யார் பேர் இருக்கிறதோ, அவருக்கோ அவர் வாரிசுக்கோ முனிசிபல் கமிட்டி ஆள் லைசென்ஸ் எழுதுவார். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த வாரம் கடைகளை அள்ளிப் போகக் கமிட்டி லாரி வந்துவிடும்.

ரசீதைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. மாமனார் முத்து விட்டுப் போன தகரப் பெட்டியில் நாற்பத்து மூணு சீட்டு இருந்தது. எல்லாம் நடைபாதையில் கடை போட்டதற்கு அபராதம் கட்டின சீட்டு. டெல்லியில் ஒரு அடி நிலம் வாங்காத மனுஷன், அதைத்தான் வீட்டுப் பத்திரம் மாதிரி பாலித்தீன் கவரில் சுற்றி வைத்திருந்தார். அத்தனையும் இந்தி. அம்சவேணி செஞ்சிப் பக்கம் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். புருஷன் ஜெயராம், அப்பா செத்த பிறகு ஊரிலிருந்து வந்து வண்டியைப் பிடித்தவன். ரெண்டு பேருக்கும் இந்தி பேச வரும், படிக்க வராது.

இன்றைக்கென்று பார்த்து அவனும் சிலிண்டர் வாங்கப் போய் இன்னும் வரவில்லை.

"உன் மாமனார் இருந்த வரைக்கும் நான் இங்கதாம்மா குந்துவேன்" என்றாள் கோவிந்தம்மாள்.

"அவருக்கு எளகின மனசு. அதான் ஒட்டிக்கினே. இன்னிக்கு ஒட்டிக்கறது, நாளைக்கு இடமே என்னுதுங்கறது. நாங்க பாக்காத ஆளா?"

"நான் எப்பம்மா என்னுதுன்னேன்?"

"சொல்லத்தானே இன்னிக்குப் பொழுது விடியறதுக்குள்ள வந்து குந்திக்கினே? வெக்கமா இல்ல? கைக்குழந்தைக்காரி பொழப்புல மண்ணைப் போடறியே!"

தோசைக்கு நின்றிருந்த ரிடையர்டு பாலசுப்ரமணியம் சாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. பாவம்!"

"உங்க வீட்டுல ஒரு ஓரம் குடுக்கறீங்களா சார்?"

"சட்னி இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பதினோரு மணிக்குக் கமிட்டி ஆள் வந்தார். கையில் டேப்லெட், முகத்தில் வெயில்.

"ஜல்தி, ஜல்தி! ரசீது எங்கே?"

அம்சவேணி கவரைப் பிரித்துக் கட்டாக நீட்டினாள். தெரிந்த இந்தியில் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள்.

"சாப், இந்தச் சீட்டுல யார் பேர் இருக்கோ, அவங்களுக்கு மட்டும் எழுதுங்க. பேர் இல்லாதவங்களை இப்பவே கிளப்புங்க. தினமும் சண்டை போட என்னால முடியாது!"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்."

அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"அச்சா. எல்லாம் ஒரே பேர்தான். சுத்தமா இருக்கு."

அம்சவேணி கோவிந்தம்மாளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

"கோவிந்தம்மாள்... நீதானா?" என்று அம்சவேணியிடம் கேட்டார் அவர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல சாப். முத்துன்னு இருக்கும். நல்லாப் பாருங்க!"

"முத்து எதிலயும் இல்ல. நாற்பத்து மூணுலயும் கோவிந்தம்மாள்தான்."

பூத் தொடுத்த கை நின்றது.

"லாரி வந்தா, ஆம்பளையா இருந்தா அடிச்சிட்டு வண்டியையும் ஏத்திக்கினு போயிருவானுங்கம்மா" என்றாள் கோவிந்தம்மாள் தாழ்ந்த குரலில். "பொம்பளை வண்டியைக் கட்டிப் புடிச்சிக்கினா, சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போயிருவானுங்க. உன் மாமனார் அடுப்பைத் தூக்கிக்கினு சந்துல ஓடிருவாரு. வண்டி என்னுதுன்னு நான் நிப்பேன். பேரு கேட்டா என் பேரைத்தானே சொல்ல முடியும்? அபராதம் அவரு காசு. அதான் சீட்டு அவருகிட்ட."

கல்லில் தோசை கருகியது. அம்சவேணி அதைத் திருப்பவில்லை. பேர் இல்லாதவர்களைக் கிளப்பச் சொன்னவள் அவள்தானே! யாரிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? குழந்தையை இறுக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

கோவிந்தம்மாள் எழுந்து முந்தானையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள்.

"நான்தான் சாப் கோவிந்தம்மாள்."

"ஒரு இடத்துக்கு ஒரு வியாபாரம்தான். என்ன எழுத?"

"தோசை வண்டி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கூட நிக்கிறவ என் மருமக, அம்சவேணி. அவ பேரையும் போட்டுக்குங்க சாப்."

அவர் குனிந்து கூடையைப் பார்த்தார். மல்லிகை விளிம்பு வரை நிறைந்து கிடந்தது.

"அப்போ இவ்வளவு பூ?"

"இதுவா சாப்? மருமக தலையில வைக்கத் தொடுக்கறேன்."