குண்டு போடாத ஏழு சனிக்கிழமை

ஏழாவது சனிக்கிழமை வகுப்பும் ஒரு குண்டுகூடச் சுடாமல் முடியப்போனது.

"குழலை மடக்கு," என்றாள் அமிர்தவல்லி டீச்சர்.

ரம்லத் பீவி ஏர் ரைபிளின் குழலை மடக்கித் திறந்தாள்.

"உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை டீச்சர்."

"பக்கத்துல உள்ளவகிட்டக் காட்டு. அவளும் பாத்துச் சொல்லட்டும்."

"ஒண்ணுமில்லை டீச்சர்," என்றாள் அடைக்கலமேரி கொட்டாவி விட்டபடி.

"முனை எங்கிட்டு?"

"அட்டைப் பக்கம்."

"விரல்?"

"விசைக்கு வெளியே."

"சரி, மேசையில வச்சிட்டுக் கோட்டுக்குப் பின்னால வா. அடுத்த ஆளு."

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. பெண் பிள்ளைகளும் சுடப் பழகட்டும் என்று இலுப்பூரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் கரெஸ்பாண்டன்ட் குமரப்பன் இரண்டு ஏர் ரைபிளும் இரண்டு டப்பா ஈயக்குண்டும் வாங்கிக் கொடுத்திருந்தார். பின்பக்கச் சுவரோரம் மணல் மூட்டை அடுக்கி, வட்டம் போட்ட அட்டையும் மாட்டியாயிற்று. அட்டையில் இன்னும் ஒரு ஓட்டை விழவில்லை.

"எப்பத்தான் டீச்சர் குண்டு போடுவோம்?" என்றாள் ரம்லத்.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாம செய்வீங்க பாரு, அப்ப."

"வெறுமனேயாவது ஒரு தடவை அழுத்திப் பாக்கட்டா?"

"குண்டில்லாம அழுத்துனா உள்ளே ஸ்பிரிங் போயிரும்."

பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் காத்தாயி நிமிர்ந்தாள். "இதுக்கு என் வெளக்குமாறு தேவலைங்க. பல்லியாவது சாகும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ஆவுடையாளோடு குமரப்பன் வந்து நின்றார்.

"எத்தனை பேரு நடுவட்டத்துல அடிக்கிறாங்க?"

"இன்னும் சுட ஆரம்பிக்கலைங்கய்யா. கையாளுற முறைதான் நடக்குது."

"ரெண்டு மாசமாவா? துப்பாக்கியைச் சுத்திக் கும்மியடிக்கிறீங்களா?"

மேசையில் இருந்த ரைபிளை எடுத்துத் தோளில் வைத்தார். "இதுல என்ன பெரிய முறை இருக்கு? திருமயம் பக்கம் நான் சுடாத முயலா, கௌதாரியா?" பேசிக்கொண்டே திரும்பினார். அவரோடு முனையும் திரும்பியது.

"ஸ்டாப்," என்றாள் ரம்லத்.

பன்னிரண்டு பிள்ளைகளும் அசையாமல் நின்றார்கள். காத்தாயி தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"யாரை ஸ்டாப்ங்கிறே?"

"ஒங்களைத்தாங்கய்யா. யாரு ஸ்டாப் சொன்னாலும் எல்லாரும் நிக்கணும். முனை பெரிய டீச்சர் மேல இருக்கு."

ஆவுடையாள் மெல்ல ஒரு அடி நகர்ந்துகொண்டாள்.

"குண்டே இல்லையேம்மா."

"தெறந்து பாத்தீங்களா?"

அவர் திறந்து பார்க்கத்தான் நினைத்தார். இழுத்தார். திருகினார். முழங்காலில் வைத்து அழுத்தினார். முயலும் கௌதாரியும் சுட்ட கைக்கு அது மசியவில்லை.

ரம்லத் பக்கத்தில் வந்தாள். "மொதல்ல முனையை மூட்டைப் பக்கம் திருப்பிக்கங்க. இந்த இடத்தைப் பிடிச்சுக் கீழ மடக்குங்க. வந்திருச்சா? உள்ளே என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை," என்றார் குமரப்பன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல.

உடனே முகம் சிவந்துவிட்டது. "குண்டு டப்பாவைக் கொண்டாங்க. இப்பவே நான் சுட்டுக் காட்டுறேன்."

அமிர்தவல்லி அலமாரிப் பக்கம் நகரவில்லை. குரலையும் மாற்றவில்லை. "இன்னைக்குத்தானே ஐயா மொதப் பாடம் முடிச்சிருக்கீங்க. பாக்கிப் பாடமெல்லாம் இருக்குங்க."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

குமரப்பன் ரைபிளை மேசையில் வைத்தார். முனை மூட்டைப் பக்கமே இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை வாரேன். அன்னைக்கும் சுடலைன்னா துப்பாக்கி இங்க இருக்கும், நீங்க இருக்க மாட்டீங்க."

அந்த வாரம் டீச்சர் மூன்று நாள் தபாலாபீஸுக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமை, மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சின்னப் பார்சலோடு திரும்பினாள்.

சனிக்கிழமை பிள்ளைகள் சுட்டார்கள். ஒருத்திகூட டீச்சர் சொல்லாமல் விசையில் விரல் வைக்கவில்லை. ஒருத்திகூட முனையை இங்கிட்டுத் திருப்பவில்லை. ரம்லத்தின் மூன்று குண்டும் நடுவட்டத்திலேயே விழுந்தன. கடைசி ஆளாக வரிசையில் நின்ற குமரப்பன் சுட்டது மணல் மூட்டையில் விழுந்தது.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அவர் போன பிறகு ஆவுடையாள் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

"இதைச் சொல்லுங்க. அவர்தான் ரெண்டு டப்பா குண்டு கொடுத்தாரே. நீங்க எதுக்கு ஒங்க கைக்காசைப் போட்டு மெட்ராஸிலேருந்து தருவிச்சீங்க?"

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே காத்தாயி பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தாள். "ஒருவழியா ஒங்க டீச்சரு குண்டைக் கண்ணுல காட்டிட்டாங்க. எங்கிட்டக் குடுத்திருந்தா மொத நாளே சுட்டுத் தள்ளியிருப்பேன்."

"பாருங்க, கூட்டுறவகூட ஒங்களைக் கேலி பேசுறா," என்றாள் ஆவுடையாள். "ஏழு வாரமா அந்தக் குண்டெல்லாம் எங்கே போச்சு?"

"மொத வாரமே அலமாரியைச் சுத்தம் பண்றேன்னு, எலிப்புழுக்கைன்னு நெனைச்சு ரெண்டு டப்பாவையும் குப்பையில கொட்டியாச்சும்மா. நான் பாக்குறதுக்குள்ள குப்பை வண்டியும் போயிருச்சு. கரெஸ்பாண்டன்ட் காதுக்குப் போனா அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்."

"யாரை?" என்று ஆவுடையாள் குரலை உயர்த்தினாள்.

அமிர்தவல்லி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. தான் கொட்டுனது குண்டுன்னு காத்தாயிக்கு இன்னும் தெரியாது."