பல்லி திட்டிய காமிக்ஸ்

இதைச் சொன்னது ஒரு சுண்டெலி. பல வருடங்களாக நான் இதை முழுதாக நம்பியதில்லை.

அதன் மனைவிக்கு இன்றோ நாளையோ பிரசவம். படுக்கைக்குக் கிழித்துப் போடக் காகிதம் தேடி, காமிக்ஸ் கடைக்குள் நுழைந்தது. நல்ல புத்தகத்தைக் கடிக்க மனம் வரவில்லை. சுவரில் இருந்த பல்லியிடம் யோசனை கேட்டது. புதிதாக வரும் ஒவ்வொரு காமிக்ஸையும் வாசகர்களின் தலைக்கு மேலிருந்தே படித்துவிடும் பல்லி அது.

"அண்ணே, இந்த வாரம் வந்ததிலே எது மோசம்?"

"எல்லாமேதான்! அந்தக் கௌபாய் கதையில குதிரை ஓடுதா, உட்கார்ந்திருக்கான்னே தெரியல."

"அப்போ அதைக் கிழிக்கட்டுமா?"

"ஐயோ, தொடாதே! முப்பது பாகமா படிச்சிட்டு வரேன்."

"சரி, அந்த விண்வெளிக் கதை?"

"சுத்தத் தண்டம். வில்லன் மூணாவது தடவையா சாகுறான். ஆனா அடுத்த வாரம் எப்படிப் பிழைக்கிறான்னு பார்க்கணுமே!"

"என் பொண்டாட்டி வெறுந்தரையில கிடக்கா அண்ணே! ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க."

பல்லி அலமாரி முழுக்க ஒருமுறை ஊர்ந்து பார்த்துவிட்டு வந்தது. "அந்தத் துப்பறியும் கதையை எடுத்துக்கோ. இருக்கிறதிலேயே படுமட்டம்."

சுண்டெலி அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது, பல்லி பின்னாலேயே ஓடி வந்தது.

"தம்பி, கடைசிப் பக்கத்தை மட்டும் கொடுத்துட்டுப் போ! கொலைகாரன் யாருன்னு இன்னும் பார்க்கல!"

சுண்டெலி நிற்கவில்லை. அன்றே அந்தப் படுக்கையில் ஏழு குட்டிகள் சுகமாகப் பிறந்தனவாம்.

போன வாரம் சுண்டெலியை மறுபடி சந்தித்தேன். நம்பிக்கை இன்னும் வரவில்லை. ஆனாலும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்:

"அதெல்லாம் இருக்கட்டும், கொலைகாரன் யாரு?"