கேமரா நின்ற சுவர்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குமேல் வடிவைக் கூப்பிட்டு யாரும் பதில் வாங்கிவிட முடியாது. பழைய வீட்டைப் புதுசாக்கித் தரும் அந்த டிவி நிகழ்ச்சியில், கடைசியில் வீட்டுக்காரியின் கண்கட்டை அவிழ்ப்பார்கள். அவள் சிரிப்பாள், கேமராவைப் பார்த்து மலைத்து நிற்பாள், பிறகு அழுவாள். வடிவும் கூடவே முந்தானையை எடுத்துக்கொள்வாள். ஆறு வருஷம் விடாமல் எழுதிப்போட்டதில் ஒருநாள் இவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

கண்கட்டு அவிழ்ந்தது. மூன்று சுவரும் மாம்பிஞ்சுப் பச்சையில் மின்னின. வடிவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்படியே கேமராவைப் பாருங்கம்மா," என்றான் தொகுப்பாளன்.

பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் நாலாவது சுவர், பழையபடி ஓதம் ஏறி, காரை உதிர்ந்து நின்றது.

"தம்பி, இந்தச் சுவரு?"

"அது டிவியில வராதும்மா. நீங்க அழுங்க."

அழுகை தானாக வந்தது.

ஒளிபரப்பான அன்று ஊரிலிருந்து நாத்தனார் போன் பண்ணினாள். "சந்தோஷத்துல மலைச்சுப் போயி நின்னீங்களே மைனி! நாங்களும் அழுதுட்டோம்."

அடுத்த ஞாயிறு பழக்கதோஷத்தில் டிவியைப் போட்டாள். வேறு ஊர், வேறு வீடு. கண்கட்டு அவிழ்ந்ததும் அந்தப் பெண் சிரித்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு நேராக வடிவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

வடிவு முந்தானையை எடுக்கவில்லை.

"பாத்துட்டியா?" என்று கேட்டாள்.