ஜெப அறையில் சிரிப்பு

சாத்தியிருந்த அறையினுள்ளிருந்து மாமனாரின் சிரிப்பொலி கேட்டது. புது மருமகள் திகைத்து மாமியாரைப் பார்த்தாள்.

"ஜெபம் பண்றேன்னுதானே போனாரு? யாரோட சிரிக்கிறாரு, அத்தை?"

"ஆண்டவரோடதான். உங்க மாமா எதுக்கெடுத்தாலும் பயப்படுற மனுஷன். பயந்தது நடக்கலைன்னா, மறுநாள் காலையில அதை ஆண்டவர்கிட்ட சொல்லிச் சிரிப்பாரு. லிஃப்ட் அறுந்துடும்னு பயந்தாரு. நீ வந்த வேகத்துல பெட்டியைக் கட்டிடுவியோன்னுகூடப் பயந்தாரு!"

மருமகளும் சிரித்துவிட்டாள். "அப்போ, நேத்து மாமா கண்ணைப் பார்த்த டாக்டர் நல்ல செய்திதான் சொல்லியிருக்காரு!"

"இல்லம்மா. பார்வை இனிமே திரும்பாதுன்னுட்டாரு."

கதவு திறந்தது. சுவரைத் தடவியவாறு வெளியே வந்த மாமனாரின் முகம் மலர்ந்திருந்தது.

"இத்தனை நாளா இந்த இருட்டை நினைச்சுத்தாம்மா நடுங்கினேன். அதுக்குள்ள போய்ப் பார்த்தா, எனக்கு முன்னாடியே ஆண்டவர் வந்து உக்காந்திருக்காரு!"