பிரண்டைச் சத்து

“அறுக்குற எலும்புல ஒரு துண்ட உன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கோ. மிச்சம் வீட்டுக்கு வந்துரும்” என்று ஆபரேஷன் அறை வாசலில் கணவர் கண்ணடித்தார்.

பத்தாம் நாள் காலை, அவள் பதற்றத்தில் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டினாள்.

“இன்னிக்காவது வீட்டுல இரேன்டி” என்றாள் அக்கா.

“அங்க கரண்ட் போச்சாம்க்கா. அவரு குளிரு தாங்கமாட்டாரு. எலும்பு வளர பிரண்டைச் சத்து வேற குடுக்கணும்” என்று முணுமுணுத்தபடியே வாசலைத் தாண்டினாள்.

மதியம் போனில் அழுதாள். “பிழைச்சிட்டாருக்கா! நல்லா வளர்றாரு!”

“யாருடி?” அக்காவின் குரல் உடைந்தது. “அவரத்தான் அன்னிக்கே ஆபரேஷன் மேசையில பறிகொடுத்துட்டோமே!”

ஆய்வகத்தில், அவள் எதிரே இருந்த கண்ணாடித் தட்டில், அந்தத் துண்டிலிருந்து எடுத்த எலும்புச் செல்கள் ஓரம்வரை பரவியிருந்தன. மூடியில் அவள் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது: ஆண், வயது நாற்பத்தொன்று.